வாய்க்காலுக்கு எந்தக் கரையில் பிரசவ ஆஸ்பத்திரி?

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? நான் போட்டேன். பதினைந்து நாள் முன்பு, கோட்டுச்சேரியில், நல்ல பகல் வெளிச்சத்தில், முழு நினைவோடு.

சுற்று வட்டாரக் கிராமங்களுக்குப் பொதுவாக ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரி வரப்போகிறதாம். நாலு கட்டில், ஒரு நர்ஸ். எந்த இடத்தில் கட்டலாம் என்பதை மக்களையே கேட்டு முடிவு செய்யப் போகிறார்களாம். பள்ளிக்கூடத்தில் கூட்டம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று தண்டோரா போட்டார்கள்.

மக்களையே கேட்டா? எனக்கு அப்போதே மூக்கில் வியர்த்துவிட்டது.

காரணம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்தில் காரைக்காலில் ஓர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். திங்கட்கிழமை கூட்டம் என்றால், அதில் யார் யார் என்ன பேசினார்கள் என்ற அறிக்கையைச் சனிக்கிழமையே எழுதி முடித்துவிடுவேன். ஒருவரும் அதை மீறிப் பேசியதில்லை! இப்போது கொடி மாறிவிட்டது, சரி. பைல் மாறியிருக்குமா?

எங்கள் தலத்தெருவில் கோட்டுச்சேரி பஸ் ஏறினேன். பக்கத்தில் ஜவுளிக்கடை கரீம் பாய். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"சர்க்கார் நம்மகிட்ட யோசனை கேக்குதுன்னா, எங்கயோ முடிவாயிடுச்சுன்னு அர்த்தம்ங்க."

அப்படி நினைப்பவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்பதில் ஓர் ஆறுதல்.

கூட்டத்துக்கு நூறு பேர் இருக்கும். புதுச்சேரியிலிருந்து வந்த அதிகாரி நடுவில். அவருக்கு வலப்பக்கம் மிராசுதார் வைத்திலிங்கம். அவருடைய ரைஸ் மில்லுக்குப் பக்கத்தில் இருக்கும் நிலத்தை இனாமாகத் தருகிறேன் என்று எழுந்து சொன்னார். கைதட்டல். ஆஸ்பத்திரி வந்தால் ரோடு வரும். ரோடு வந்தால் மில் வாசலுக்கு லாரி வரும்... எனக்கு இப்படித்தான் புத்தி போகும். என்ன செய்வது?

"வேற யாராவது பேசறீங்களா?" என்றார் அதிகாரி. கேட்ட மூச்சிலேயே ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார். முதலில் என்னிடம்தான் வந்தது. மேல் பாதி காலி. கீழே கையெழுத்துக்குக் கோடு. படித்தவன், முன்னாள் குமாஸ்தா, எல்லோரையும் சந்தேகப்படுகிறவன் — என்ன செய்தேன்? பேனாவை எடுத்துப் போட்டுவிட்டேன். பழக்கதோஷம்!

தாள் பெஞ்சு பெஞ்சாகப் போய், பின்னால் சுவரோரம் நின்றிருந்த பெண்கள் பக்கம் வந்தது. அங்கே நின்றுவிட்டது.

"மேல என்னங்க எழுதியிருக்கு?" என்று ஒரு குரல்.

திருவேட்டக்குடி அஞ்சலை. வாய்க்காலுக்கு அந்தக் கரையில் இருக்கும் மீனவத் தெருக்களில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. ஐம்பது வயதிருக்கும்.

"இன்னும் எழுதலைம்மா. ஆபீஸ்ல போய் எழுதிக்குவோம். நீ கைநாட்டு வை."

"எழுதிட்டு வாங்க. அப்பறம் வைக்கறேன்."

கூட்டம் சலசலத்தது. அதிகாரியின் முகம் கடுத்தது. எனக்கோ வேறொரு சந்தேகம் முளைத்தது. நர்ஸ் வந்தால் யாருக்கு நஷ்டம்? மருத்துவச்சிக்குத்தானே? காரியத்தைக் கெடுக்க இந்த அம்மாள் வந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். மனதில் வைத்துக்கொண்டிருந்தாலாவது பரவாயில்லை. எழுந்து நின்று கேட்டேன்.

"ஏம்மா, நர்ஸ் வந்துட்டா உங்க தொழில் போயிடும்னு பயப்படறீங்களா?"

சிலர் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"தொழில் போனா போவட்டுங்க. நர்சம்மாவுக்கு நானே வெந்நி போட்டுக் குடுக்கறேன். போன ஐப்பசியில எம் மருமவளுக்கு ரெட்டைப் புள்ள. ஒண்ணு வந்துடுச்சு. இன்னொண்ணு குறுக்க நின்னுடுச்சு. என் கைக்கு அடங்கல. கட்டில்ல போட்டுத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தோம். வாய்க்கால்ல இடுப்பளவுக்கு மேல தண்ணி. பாலம் தெரியல. இந்தக் கரைக்கு வந்துட்டா வண்டி நிக்கும், காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். அந்தக் கரையிலயே நின்னோம்... தண்ணி வடியற வரைக்கும்."

அதிகாரியை நேராகப் பார்த்தார்.

"வடிஞ்சப்ப அவ இல்லீங்க."

எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"மில்லு எந்தக் கரையில இருக்கு? இந்தக் கரையில. புள்ளத்தாச்சிங்க எங்க இருக்காங்க? பாதிப் பேரு அந்தக் கரையில. இந்தப் பக்கம் உள்ளவங்களுக்கு வண்டியாவது இருக்குங்க. எங்களுக்கு மழை பேஞ்சா என்ன இருக்கு? அதை எழுதுங்க. நான் கைநாட்டு வைக்கறேன்."

நான் போய் அந்தத் தாளை வாங்கினேன். என் கையெழுத்தை அடித்தேன். "நேரமாகிறது சார்" என்றார் அதிகாரி. "பத்து நிமிஷம்தாங்க" என்று சொல்லிவிட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். பேசியதைக் கேட்டுவிட்டு அறிக்கை எழுதுவது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை!

எழுதியதை உரக்கப் படித்தேன். "மழைக்காலத்தில் போக்குவரத்துச் சிரமம் இருப்பதால் ஆஸ்பத்திரியை அந்தக் கரையில்..."

"அதென்னங்க, போக்குவரத்துச் சிரமம்?" என்றார் அஞ்சலை.

"வாய்க்காலைத் தாண்ட முடியாததும்மா."

"அப்ப அதையே எழுதுங்க. எம் மருமவ செத்ததையும் எழுதுங்க."

"அதெல்லாம் எதுக்கு..." என்று அதிகாரி இழுத்தார். எழுதினேன். மறுபடி படித்தேன். அஞ்சலை கட்டை விரலை மையில் தோய்த்து, அழுத்தி வைத்தார். பின்னாலேயே பெண்கள் வரிசையாக வந்தார்கள். அடித்த கையெழுத்துக்குப் பதில் நானும் புதிதாகப் போட்டேன். கடைசியில் வைத்திலிங்கமும் எழுந்து வந்து கையெழுத்துப் போட்டார். "எனக்கு இது தெரியாதும்மா" என்று அஞ்சலையிடம் மெதுவாகச் சொன்னார். மனம் மாறினாரா, கூட்டத்தைப் பார்த்துப் பயந்தாரா? எனக்குத் தெரியவில்லை.

பைலில் வைப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்றார் அதிகாரி.

"இல்லைங்க" என்றேன். மனுஷர் சிரித்துவிட்டார். பிரதியிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்து அஞ்சலையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்கய்யா. உங்க சந்தேகத்தை மூஞ்சிக்கு நேரா கேட்டீங்க, பதில் சொல்ல முடிஞ்சுது. மனசுக்குள்ளயே வச்சிருந்தா நான் எங்க போய் சொல்லுவேன்?"

உண்மைதானே? யோசனை கேட்கிறோம் என்று கூட்டம் போடுகிறவர்கள் எதை எதையோ கேட்கிறார்கள். எந்தக் கரையில் இருக்கிறீர்கள் என்று கேட்பதில்லை. சந்தேகப்படுகிற என்னைப் போன்றவர்களும் வீட்டில் உட்கார்ந்து சந்தேகப்படுகிறோமே தவிர, எழுந்து கேட்பதில்லை. கேட்டால் சில சமயம் அவமானப்பட வேண்டியிருக்கும். பட்டால் என்ன?

நேற்று திருவேட்டக்குடியிலிருந்து சேதி வந்தது. வாய்க்காலுக்கு அந்தக் கரையில் சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்துவிட்டுப் போனாராம். அஞ்சலை கூடவே நடந்து, எங்கே தண்ணீர் நிற்கும், எங்கே நிற்காது என்று காட்டினாராம்.

நல்ல செய்திதான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன் — அந்தக் கரையில் முதல் குழந்தை பிறந்து அழும் வரை, யாரையும் பாராட்டி நான் ஒரு வரி எழுதமாட்டேன்!