நூற்றொன்றாம் எண் வாஷர்

பரணக்கா என்று பேர் வைத்தது நான்தான். தண்ணீர் மோட்டார் உதிரி பாகங்கள் விற்கும் கடை எங்களுடையது. முன்னால் உட்கார்ந்து பதினெட்டு வருடமாக நான் பில் போடுகிறேன். பின்னால் இருக்கும் கிடங்கு அவர் பொறுப்பு. பாதிப் பொழுது ஏணியில் ஏறிப் பரணில்தான் இருப்பார், அதனால் அந்தப் பேர். கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். ஆனால் அதைப் போட்டு நான் பார்த்தது குறைவு, எல்லாவற்றையும் விரலாலேயே பார்த்துவிடுவார். மோட்டாரில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் வளையம்தான் சீல். மெக்கானிக் கொண்டுவரும் தேய்ந்த சீல் ஒன்றை இரண்டு விரலில் உருட்டி, "இருபத்தஞ்சு எம்எம். மூணாவது வரிசை, கீழ்த்தட்டு" என்பார். போய்ப் பார்த்தால் அங்கேதான் இருக்கும். எடுத்த பெட்டியை இடம் மாற்றி வைத்தவன் அன்று பூராவும் ஏச்சு வாங்குவான். நானும் நிறைய வாங்கியிருக்கிறேன்.

எது தீரப்போகிறது என்பதும் அவருக்குத் தெரியும். "சீல் இன்னும் ஒரு வாரம் தாங்கும், ஆர்டர் போடச் சொல்லு தம்பி" என்று ஏணியிலிருந்தே குரல் வரும். எங்கள் கடையில் இல்லை என்ற சொல் கிடையாது. அதற்காகத்தான் மெக்கானிக்குகள் மூன்று தெரு தாண்டி வந்தார்கள். இது முதலாளிக்கு உறைத்திருந்தால் கதையே இல்லை.

எதிர்க்கடைக்காரர் கம்ப்யூட்டர் வாங்கினார். அன்றிலிருந்து எங்கள் முதலாளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அவன் முந்திட்டான், அவன் முந்திட்டான்" என்று ஒரு மாதம் புலம்பினார். கடைசியில் அதே கம்ப்யூட்டர் கம்பெனி ஆளை வரவழைத்தார். அவனும் உட்கார்ந்து, "இத மட்டும் போட்டுட்டீங்கன்னா எதிர்க்கடை உங்க கிட்டயே வர முடியாதுங்க" என்றான். எதிர்க்கடையிலும் இதையேதான் சொல்லியிருப்பான். அவர்களுக்காக அடித்த பொருள் பட்டியலைக்கூட எண் மாறாமல் அப்படியே எங்களுக்கும் ஏற்றிவிட்டுப் போனான். ஒரே ஓட்டத்தில் இரண்டு பேரையும் முதலாவதாக வரவைக்கும் வித்தை அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அந்த எண்ணில் பில் போட்டால் இருப்பு குறையும். இருப்பு ஓர் அளவுக்குக் கீழே போனால் கம்ப்யூட்டரே பொருள் தயாரிக்கும் கம்பெனிக்கு ஆர்டர் அனுப்பும். பொருட்கள் நாலாயிரம், எனக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டு நாள். காலை ஒன்பது மணிக்கு இருபது மெக்கானிக்குகள் மேசையைத் தட்டிக்கொண்டு நிற்கும்போது எந்த எண்ணை எங்கே தேடுவது? பட்டியலின் முதல் பொருள் வாஷர், எண் நூற்றொன்று. விலையை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும் என்று மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். சீல் வாங்கினாலும் நூற்றொன்று, பேரிங் வாங்கினாலும் நூற்றொன்று. விலை சரியாக இருந்தால் போதாதா, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். புத்தி கெட்டவன்.

"வாஷர் இந்த ஓட்டம் ஓடுதுன்னு இத்தனை வருஷமாத் தெரியாமப் போச்சே. கம்ப்யூட்டர் வந்துதான் தெரியுது" என்று முதலாளி பூரித்தார். ஆர்டர் தானாகப் போனது. பதினோரு மூட்டை வாஷர் வந்து இறங்கியது.

"வாஷரை ஜனங்க வாங்கித் திங்கிறாங்களா?" என்றார் பரணக்கா. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் சீல் தீர்ந்தது. ஆர்டர் போடச் சொன்னார் அக்கா. "நூத்தி நாப்பது இருக்குன்னு காட்டுதேம்மா" என்றார் முதலாளி. வந்து பார்க்கச் சொன்னார் அக்கா. பார்த்தார். தட்டு காலி. பேரிங் தட்டு காலி, வால்வு தட்டும் பாதிதான். முதலாளி திரையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பிறகு கிடங்குச் சாவி தொங்கும் அக்காவின் இடுப்பைப் பார்த்தார். திருட்டு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. சாயங்காலம் வாசலில் வைத்து, "பையைக் கொஞ்சம் காட்டிட்டுப் போம்மா" என்று மட்டும் கேட்டார்.

பையில் ஒரு சாப்பாட்டு டப்பாவும் மகளின் கல்லூரி விண்ணப்பமும் இருந்தன. மூன்று நாள் இது நடந்தது. மூன்றாம் நாள் பையை மூடிக்கொண்டு அக்கா என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, பில்லுல ஏதும் தப்புப் போகலையே?"

"இல்லக்கா."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு முதலாளி முன்னால் சாவியை வைத்தார். "என் கை சுத்தம்ங்க. நம்பாத இடத்துல எனக்கு வேலை இல்லை."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எனக்கும் வீடு இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மனம் வக்காலத்து வாங்கியது. அந்த 'நாளை' ஒன்பது நாள் தள்ளிப்போனது. பத்தாம் நாள் பரணக்கா எதிர்க்கடைப் படியேறி உள்ளே போவதைப் பார்த்தேன். அந்த வாரமே எங்கள் மெக்கானிக்குகளும் ஒவ்வொருவராகத் தெருவைத் தாண்டினார்கள்.

மிச்சமிருந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர் நேற்று வந்து சீல் கேட்டார். இல்லை. "எதிர்க்கடையில ஒண்ணு வாங்கிட்டு வா, அவர் இங்கேயே இருக்கட்டும்" என்று முதலாளி என்னை விரட்டினார். எத்தனை பேர் கடையில் இருக்கிறார்கள், போவதற்கு நான்தான் கிடைத்தேனா?

போனேன். அக்கா ஏணியில் இருந்தார். சீல் ஒன்று வேண்டும் என்றேன். பில் போடும் பெண்ணின் கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அக்காவின் கையெழுத்து எனக்குத் தெரியாதா? 'நூற்றொன்று வாஷருக்கு மட்டும்.'

நான் அதையே பார்ப்பதைக் கவனித்து அந்தப் பெண் சிரித்தாள். "அக்கா வந்த மொத நாளே ஒட்டினாங்க. வேற எதுக்காவது அந்த எண்ணைத் தொட்டா விரலை ஒடிச்சிடுவாங்களாம்."

அக்கா இறங்கி வந்து சீல் ஒன்றை மேசையில் வைத்தார்.

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"மூட்டை வந்து இறங்குனப்பவே தெரியும்."

"அப்ப முதலாளிகிட்ட ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பெண்ணிடம் திரும்பி, "சீல், எண்ணூத்திப் பன்னெண்டு. பாத்துப் போடும்மா" என்றுவிட்டு மறுபடி ஏணியில் ஏறினார்.

சீலோடும் பில்லோடும் திரும்பினேன். வாடிக்கையாளர் வாங்கிக்கொண்டு போனார். முதலாளி இன்னும் திரையை முறைத்துக்கொண்டிருந்தார். "நம்மகிட்டதான் நூத்தி நாப்பது காட்டுதே, எங்கேதான் போச்சு?"

நான் அவர் எதிரில் போய் நின்று, நூற்றொன்றிலிருந்து ஆரம்பித்தேன்.