மருமகள் வீட்டை ஒப்படைத்த விதம்

கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு புருஷனைத் துணி துவைக்க விட்டாள் என்றுதானே சொல்கிறீர்கள்? விட்டாள். நான் இல்லை என்று சொல்லவில்லையே. என் மகன் வாளியோடு மல்லுக்கட்டினான், என் மருமகள் நாற்காலியில் உட்கார்ந்து, "காலரை இன்னொரு தடவை தேய்ங்க" என்றாள். மாடிவீட்டுக்காரி அதை மேலிருந்து பார்த்துவிட்டுத் தெரு முழுக்கத் தண்டோரா போட்டாள். "பெத்தவ கண்ணு முன்னாடியே ஆட்டி வைக்கிறா, கிழவி வாயைத் திறக்க மாட்டேங்கிறா" என்று பேச்சு. கிழவி இப்போது திறக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

தையல் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து முடித்த சட்டை எதுவும் அவள் கையைத் தாண்டாமல் பெட்டிக்குள் போகாது. பொத்தான் தொங்கினால், தையல் கோணினால், அந்த இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். யாரையும் திட்ட மாட்டாள். ஒட்டுவாள், அவ்வளவுதான்.

அவளுக்கு வயிற்றில் புற்று வந்தது. கண்டுபிடிக்கும்போதே பரவியிருந்தது. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். அதற்கப்புறம் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு டாக்டர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். அதுதான் பதில்.

வேலையை விட்டுவிட்டு வந்த அன்று சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தை, ஆபரேஷனுக்குள்ள இந்த வீடு நான் இல்லாம ஓடணும்."

"ஏன், நான் செத்தா போயிட்டேன்? நான் பார்த்துக்க மாட்டேனா?"

"பார்த்துப்பீங்க. உங்களுக்கு அப்புறம் யாரு? அவரு கத்துக்கட்டும். நீங்க துடைப்பத்தைத் தொட்டா நான் சாப்பிட மாட்டேன்."

மறுநாள் தொட்டேன். சொன்ன மாதிரியே தட்டைத் தள்ளிவிட்டாள். பிடிவாதத்தில் என்னையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். அதற்கப்புறம் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அதைத்தான் கிழவி வாயடைத்துப்போனாள் என்கிறார்கள்.

பள்ளிக்கூடம், பேங்க், கேஸ், கரண்ட் பில் எல்லாவற்றிலும் அவள் போன் நம்பர்தான் இருந்தது. மகன் வேன் ஓட்டுகிறவன், எதற்கும் அவளைத்தான் கேட்பான். அவனை ஒவ்வொரு இடமாகக் கூட்டிக்கொண்டு போய் அவன் நம்பரைக் கொடுத்தாள். பேங்கில், "பழைய நம்பர் தொலைஞ்சு போச்சாம்மா?" என்று கேட்டார்களாம். "நம்பர் இருக்கு சார். ஆளைத்தான் மாத்துறோம்" என்றாளாம். வீட்டுக்கு வந்து மகன்தான் சொன்னான். சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

கூட வேலை செய்தவள் ஒருத்தி மிச்சமிருந்த ஸ்டிக்கரைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கப்புறம் வீடே கம்பெனி ஆனது. சரியாகத் தேய்க்காத குக்கர் மேல் அம்புக்குறி, கூட்டாமல் விட்ட மூலையில் அம்புக்குறி. ஒருநாள் அவன் ஒன்றை உரித்துத் தன் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டான். "பெரிய டிஃபெக்டே இதுதான். ரிட்டர்ன் பண்ணிடு."

"உங்கம்மா வாங்கிக்கணுமே."

"வித்த சரக்கை நாங்க திரும்ப எடுக்கிறதில்ல" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலித்திருக்கும். ஆனாலும் சிரித்தாள்.

ஒரு மத்தியானம் பேத்திக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து அவனுக்குப் போன். போய்த் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மருமகள் நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளை அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "நான் அப்பாகிட்டயே இருக்கேன்" என்றது.

அவன் மருந்தை மூடியில் ஊற்றி அளவு பார்த்தான், ஈரத்துணி போட்டான், எதையும் அவளிடம் கேட்கவில்லை. நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் புடவையில் துடைத்துக்கொண்டாள். "சரியாப் பண்றாரு, அத்தை" என்றாள். பிறகு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. நான் கதவைத் தட்டவில்லை. தட்டினால் குழாயை மூடிவிடுவாள்.

இன்னொன்றும் பேசுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்று புருஷன் வாசல் வரைக்கும்கூட வரவில்லையாம், அவளும் திரும்பிப் பார்க்கவில்லையாம். நான் அங்கேதான் நின்றேன்.

காலையில் அவள் தம்பி ஆட்டோ கொண்டுவந்தான். பேத்திக்கு ஸ்கூல் பஸ் வரும் நேரம். மகன் தரையில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் முடிந்திருந்தது, மறு பக்கம் மூன்று பிரியும் அவன் கையில்.

"அஞ்சு நிமிஷம் இரு, நானும் வரேன்" என்று எழுந்தான்.

"உட்காருங்க. கையை விட்டா அவுந்துடும்" என்றாள். "பஸ்ஸு போயிடும். சாயங்காலம் ரெண்டு பேருமா வாங்க."

உட்கார்ந்தான். முடி அவன் பிடியில் இருந்ததால் பிள்ளையாலும் தலையைத் திருப்ப முடியவில்லை. சுவரைப் பார்த்தபடியே கையைத் தூக்கி, "டாட்டாம்மா" என்றது.

அவள் அந்தப் பின்னலையே கொஞ்ச நேரம் பார்த்தாள். செருப்பை மாட்டினாள். தம்பி கை கொடுத்தான், வேண்டாம் என்று தலையாட்டினாள். சுவரைக்கூடப் பிடிக்காமல் படி இறங்கினாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.