மச்சினன் திறந்த களம்

என் மச்சினன் மேல் எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. அவன் என் மனைவியின் தம்பி. வல்லத்தில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். நான் செஞ்சியில் மோட்டாருக்குக் காயில், அதாவது உள்ளே இருக்கிற செம்புக் கம்பிச் சுருள், கட்டுகிறேன். கடலைக்கும் நெல்லுக்கும் தண்ணீர் இறைக்கிற மோட்டார் எரிந்துபோனால் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள்.

எரியாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று எழுதிவைக்க ஒரு இணையதளம் தொடங்கினேன். அதில் மோட்டார் உறுமுகிறது ஆனால் சுற்றவில்லை என்று ஒரு கட்டுரை. அதன் கீழே கேள்விகள் வந்து குவிந்தன. ஸ்டார்ட்டர் பற்றிய கேள்விக்குக் கீழே கேபிள் பற்றிய பதில் இருக்கும். அதற்குக் கீழே யாரோ கடலை விலை கேட்டிருப்பார். நல்ல பதில்கள் நான் எழுதியவை அல்ல. தளவானூரிலிருந்து ஒரு மெக்கானிக் எழுதினார். நாலே வரிதான் எழுதுவார். படித்தவன் மோட்டாரைக் கிணற்றிலிருந்து மேலே தூக்காமலே சரிசெய்துவிடுவான். அவருக்காகத்தான் ஆட்கள் வந்தார்கள். அவர் போய்விட்டால் என் தளத்தில் ஒன்றும் மிஞ்சாது.

அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் தனி இடம் இருக்கிற மாதிரி ஒரு கருத்துக்களம் வைக்க நினைத்தேன். மூன்று மென்பொருட்களைப் பார்த்தேன். ஒன்றுக்கு மாதாமாதம் டாலரில் கட்ட வேண்டும், மற்றதெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இன்னொன்று இலவசம்தான், ஆனால் நான் வாடகைக்கு எடுத்திருந்த மலிவு சர்வரில் ஓடாது. மூன்றாவது பழசு. இலவசம், என் சர்வரிலேயே ஓடும், பார்க்க ஆபீஸ் நோட்டீஸ் பலகை மாதிரி இருக்கும். என் வசதிக்கு அதுதான். அப்படியே போட்டிருந்தால் ஒரு வாரத்தில் வேலை முடிந்திருக்கும்.

அந்த வாரம் பார்த்து மச்சினன் தன் கடைப் பெயரில் ஒரு களம் திறந்தான். டாலர் கட்டுகிற ரகம். போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான்.

“பாருங்க மாமா, போன்ல எப்டி ஓடுதுன்னு.”

“பாத்தேன்.”

“நீங்க இன்னா போடப்போறீங்க?”

“பாத்துக்கினு இருக்கேன்.”

“நீங்க பாத்து முடிக்கறதுக்குள்ள கெணத்துல தண்ணியே இருக்காது மாமா.”

என் மனைவி சிரித்தாள். அவன் சொன்னதைவிட அவள் சிரித்தது எனக்கு எரிந்தது.

அவன் களத்தில் இருக்கிற எல்லாம் என்னுடையதிலும் இருக்க வேண்டும் என்று வெறி வந்துவிட்டது. விருப்பக் குறி, பெயருக்குப் பக்கத்தில் பட்டம், கறுப்புப் பின்னணி என்று கூடுதல் வசதி தருகிற இலவசச் செருகல்கள் கிடைத்ததை எல்லாம் ஏற்றினேன். பட்டன் என்ன நிறம் என்பதற்கு மட்டும் மூன்று நாள் போனது. பிறகு திறந்தேன். நாற்பது பேருக்கு மேல் பெயரும் மெயிலும் போன் நம்பரும் கொடுத்துப் பதிந்தார்கள். ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. மெக்கானிக்கும் எழுதவில்லை.

அடுத்த வாரம் அவரே ஒரு மோட்டாரை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

“இன்னாண்ணா, உங்க பக்கம் உள்ளயே உடமாட்டேங்குது.”

“உங்க மெயிலுக்கு ஒரு லிங்க் வந்திருக்கும். அத தொட்டாத்தான் தொறக்கும்.”

“மெயிலா? அது போன் வாங்கும்போது கடைக்காரன் போட்டுக் குடுத்தது. பாஸ்வேர்டு அவனுக்குத்தான் தெரியும். அவனும் கடைய காலி பண்ணிட்டுப் பூட்டான்.”

“அப்புறம்?”

“உங்க மச்சினன் களத்துல எழுதிக்கினு இருக்கேன். அங்க போன் நம்பர் போட்டா போதும்ண்ணா.”

எங்கள் பக்கம் எல்லாருக்கும் அப்படித்தான். போன் வாங்குகிற அன்றே கடைக்காரர் ஒரு மெயில் போட்டுக் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு அதை யாரும் திறப்பதில்லை. என் முதல் மெயிலும் அப்படி வந்ததுதான். பட்டன் நிறம் பார்த்தவன் இதை யோசிக்கவில்லை.

அன்று மத்தியானம் மச்சினன் களத்தைத் திறந்து மெக்கானிக் எழுதியதை எல்லாம் படித்தேன். ஒவ்வொன்றும் என்னிடமிருந்து திருடியது போலவே இருந்தது. உடனே என் களத்தில் மெயில் சரிபார்ப்பை எடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் களம் முழுக்கச் சூதாட்ட விளம்பரம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் பூட்டினேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நம்பரு குடுத்திருக்காங்க இல்ல? போன் பண்ணிப் பேசுனா கொறஞ்சா பூடுவீங்க?”

“இன்னான்னு கேக்கறது?”

“மோட்டாரு எத்தினி ஹெச்பின்னு கேளுங்க. விளம்பரம் போடறவனுக்கு அது தெரியுமா?”

அவள் தம்பி மேல் இருந்த கோபத்தில் எழுந்து போனேன். ஆனால் அதைத்தான் செய்தேன். ஒவ்வொருவருக்கும் போன் செய்து மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்டேன். சொன்னவர்களை மெயில் பார்க்காமல் என் கையாலேயே உள்ளே விட்டேன். ஒருவர் ஹெச்பியோடு போர்வெல்லின் ஆழத்தையும் தம்பியோடு இருக்கிற வரப்புத் தகராறையும் சொன்னார். மெக்கானிக்கிடம் கடைசியில் பேசினேன்.

“என்னையே எத்தினி ஹெச்பின்னு கேக்கறீங்களாண்ணா?”

“உங்களக் கேக்கல. தொறந்துட்டேன். இனிமே இங்கயே எழுதுங்க.”

“ரெண்டுலயும் எழுதறேண்ணா. மோட்டாரு எரியறவன் எங்க வந்து கேட்டா இன்னா?”

சரி என்று போனை வைத்தேன்.

மறுநாள் காலை அவருடைய முதல் பதில் என் களத்தில் வந்தது. வழக்கமான நாலு வரி. சந்தோஷப்பட்டிருக்கலாம். நான் நேராக மச்சினன் களத்தைத் திறந்தேன். அதே நாலு வரி அங்கேயும் இருந்தது, பத்து நிமிடம் முன்னதாக. கூடவே ஸ்டார்ட்டரைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். என் களத்தில் படம் இல்லை. அத்தனை செருகல் ஏற்றிய நான் படம் போடும் வசதியைத் திறந்துவிடவில்லை.

கடைக்கு வெளியே ஒருவர் மோட்டாரை இறக்கிக்கொண்டிருந்தார். அவரை உட்காரச் சொல்லிவிட்டு முதலில் களத்தில் அந்தப் பட வசதியைத் திறந்துவிட்டேன்.