அட்டை வாடை

அந்த உணவகத்தில் அவளை எல்லோரும் மூக்கு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்கு பெரிதாக இருந்ததால் அல்ல, அது சும்மா இருக்காது என்பதால். பால் திரியப்போவதை அரை மணி முன்பே சொல்லிவிடுவாள். சமையல்காரர் பின்வாசலில் திருட்டுத்தனமாக சிகரெட் பிடித்துவிட்டு, வாய் நிறைய ஏலக்காய் மென்றுகொண்டு வந்தாலும் பிடித்துவிடுவாள். அந்த மனுஷன் ஏலக்காய் வாங்கியே அலுத்துப்போனார்.

பதினாறு வருஷமாக ஒயின் கிளாஸ் கழுவும் வேலை. லேசுப்பட்ட வேலை இல்லை. காம்பு ஒடியக் கூடாது, விளிம்பில் உதட்டுச்சாயம் தங்கக் கூடாது, சோப்பு வாசனை துளியும் மிஞ்சக் கூடாது. ஒவ்வொரு கிளாஸிலும் மிச்சமிருக்கும் சொட்டை மோந்து பார்த்துவிட்டுத்தான் கழுவுவாள். அவள் படித்த படிப்பெல்லாம் அதுதான். வெந்நீரும் சோப்புத்தூளும் பட்டுப்பட்டுக் கை வெடித்து, இப்போது விரல் இடுக்கில் ரத்தம் கசிகிறது. தோல் டாக்டர் இந்தத் தண்ணீர் வேலையை உடனே விடச் சொல்லிவிட்டார்.

விட்டால் வீட்டில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் மேசைக்கு வந்து ஒயின் பரிமாற வேண்டும். அந்த வேலையை இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் குறுக்கே நின்றவர் நிலவறைக்காரர். ஒயின் வாங்குவது, நிலவறையில் வைத்துக் காப்பது, ருசி பார்த்து நல்லது கெட்டது சொல்வது எல்லாம் அவர் ராஜ்யம். "கழுவுற கைக்கு ஊத்துற ஆசை எதுக்கு?" என்று அத்தனை பேர் முன்னாலும் அவள் மூக்கை உடைத்தார். அவள் அதை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

மூன்றாவது தடவை முதலாளியம்மாவே சோதனை வைத்தார். காலை பதினோரு மணி, வாடிக்கையாளர் வராத நேரம், ஜன்னலோர மேசை. ஒரு பக்கம் முதலாளியம்மா, எதிரே நிலவறைக்காரர். மூக்கு அக்கா ஒரு பரோலோ பாட்டிலைத் திறந்து, முறையாக ஊற்ற வேண்டும். சரியாகச் செய்தால் வேலை அவளுக்கு.

பரோலோ என்பது இத்தாலிக்காரர்களின் சிவப்பு ஒயின். இளசிலே குடித்தால் துவர்ப்பு ஈறைப் பிடித்து இழுக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருட்டில் படுக்கவைத்தால்தான் வழிக்கு வரும். இந்தப் பாட்டிலுக்குப் பன்னிரண்டு வயது. இதே மாதிரி நாற்பது பாட்டில் நிலவறையில் கிடந்தது. அடுத்த வாரம் நடக்கப்போகும் பெரிய விருந்துக்கு அதைத்தான் நம்பியிருந்தார்கள்.

சத்தமில்லாமல் கார்க்கை உருவி, பாட்டில் வாயில் மூக்கை வைத்தாள். காய்ந்த ரோஜா, புதுசாய்ப் போட்ட தார், பின்னால் கொஞ்சம் செர்ரி. அடிமண்டி கலங்காமல் ஊற்றினாள். விளிம்பில் செங்கல் நிறம் தெரிந்தது.

நிலவறைக்காரர் கிளாஸைச் சுழற்றி மோந்தார். "ஆஹா! ரோஜா, தார். பன்னிரண்டு வருஷக் காவல் வீண் போகலை."

முதலாளியம்மா மோந்தார். முகம் சுண்டிப்போனது. "என்ன சார் ரோஜா? நனைஞ்ச அட்டைப் பெட்டி வாடை அடிக்குது!"

கார்க் கெட்டு ஒயினைப் பாழாக்கினால் வரும் வாடை அதுதான் என்று அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். நிலவறைக்காரர் திரும்ப மோந்தார். "ஆமா மேடம்... அட்டை வாடைதான்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

இரண்டாவது பாட்டிலைத் திறந்து வேறு கிளாஸில் ஊற்றினாள். அதே வாடை. மூன்றாவதிலும் அதே என்று முதலாளியம்மா கிளாஸைத் தள்ளிவைத்தார்.

"ஒண்ணு கெட்டா கார்க்கு மேல பழி போடலாம். மூணுமா கெடும்? நிலவறையையே நாசம் பண்ணி வச்சிருக்கீங்க. விருந்துக்கு நான் என்ன ஊத்துவேன்? சாவியை மேசையில வச்சிட்டுக் கிளம்புங்க." முதலாளியம்மா மூச்சு வாங்கியபடி அவள் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க நல்லாச் செஞ்சீங்க. நாளையிலேர்ந்து மேசைக்கு வந்துடுங்க. இந்த மூணையும் தொட்டியில கொட்டிடுங்க."

நினைத்தது நடந்துவிட்டது. ஆனாலும் ஒன்று இடித்தது. மூன்று பாட்டில் வாயிலும் அவள் மோந்தது ரோஜா. அப்படியானால் வாடை எங்கிருந்து வருகிறது? ஒழுங்குபடுத்துவது போல் ஒரு காலி கிளாஸை எடுத்து மோந்தாள். அட்டை.

முந்தாநாள் அலமாரிக்குப் பெயின்ட் அடித்தார்கள். அந்த நாற்றம் ஏறிவிடுமே என்று, பெரிய கிளாஸ்களையெல்லாம் அவை வந்த அட்டைப் பெட்டிகளிலேயே அரை ஈரத்தோடு கவிழ்த்து வைத்த புத்திசாலி அவள்தான். இன்று காலை பளபளவென்று துடைத்தாளே ஒழிய, பதற்றத்தில் மோந்து பார்க்கவில்லை. பதினாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு கழுவும் அறைக்குப் போனாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கை பிழைத்துவிடும். இடுப்பு வாரிலிருந்து சாவியைக் கழற்ற முடியாமல் நிலவறைக்காரர் தடுமாறியதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். துளி இரக்கம் வரவில்லை, நல்லா வேணும் என்றுதான் இருந்தது. பொய் சொல்வானேன்.

தொட்டியில் பாட்டிலைச் சாய்த்தாள். முதல் தாரை விழுந்ததும் குப்பென்று ரோஜா எழுந்தது. கை தானாக நிமிர்ந்துவிட்டது. தன் டீக் கோப்பையைக் கழுவி ஒரு வாய் ஊற்றிக் குடித்தாள். முதலில் பழம், பிறகு துவர்ப்பு நாக்கின் இரு ஓரமும் ஏறி நின்றது, போக மனசில்லாமல் மெல்ல இறங்கியது. பன்னிரண்டு வருஷம் பொறுமையாகக் கிடந்த சரக்கு. இதைக் கெட்டது என்று சொல்லிக் கொட்ட அவளால் ஆகவில்லை. தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

பாட்டிலையும் இரண்டு டீக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். "ஒயின் கெடலை மேடம். இதுல குடிச்சுப் பாருங்க."

முதலாளியம்மா குடித்தார். மேசையிலிருந்த காலிக் கிளாஸ் ஒன்றை எடுத்து மோந்தார். பிறகு, "கிளாஸை அட்டையில வச்சது யாரு?"

"நான்தான்."

"ஊத்துறதுக்கு முன்னாடி காலிக் கிளாஸை மோந்து பாக்கணும்னு தெரியாதா?"

"தெரியும் மேடம்."

"அப்போ மேசையை இப்போதைக்கு மறந்துடுங்க." சாவி நிலவறைக்காரர் கைக்கே திரும்பப் போனது.

அத்தனை கிளாஸையும் திரும்பக் கழுவ வேண்டியிருந்தது. வெடிப்பில் வெந்நீர் பட்டதும் உயிர் போயிற்று. அழுதாள். இந்த மூக்கை வைத்துக்கொண்டு என்ன கண்டோம் என்று அழுதாள்.

வாசலில் நிலவறைக்காரர் நின்றார். இந்த அறைக்குள் அவர் எட்டிப்பார்த்ததே இல்லை.

"எனக்கு ரெண்டு வருஷமா ஒரு வாசனையும் தெரியறதில்லைம்மா" என்றார் தணிந்த குரலில். "ஒரு காய்ச்சலோட போச்சு. பழைய ஞாபகத்துல ரோஜா, தார்னு ஒப்பிச்சிட்டிருக்கேன்."

அவள் குழாயை நிறுத்தினாள். "அதனாலதான் என்னை வேண்டாம்னீங்களா?"

"நீ பக்கத்துல வந்தா ஒரே நாள்ல கண்டுபிடிச்சிடுவேன்னு பயம்." "இனிமே ஒவ்வொரு பாட்டிலையும் இங்க கொண்டு வரேன். நீ மோந்து சொன்னா போதும். யாருக்கும் தெரிய வேண்டாம்."

கையைத் துடைத்துக்கொண்டு, அறைக் கதவை முழுசாகத் திறந்துவிட்டாள். அங்கிருந்து பார்த்தால் ஜன்னலோர மேசை தெரியும். முதலாளியம்மா இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"நான் செஞ்சதை நான் சொல்லிட்டேன் சார்" என்றாள். "இப்ப உங்க முறை."