மைக்கேலின் காதலி

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் யேசுதாஸ் சட்டையைக்கூட மாற்ற மாட்டார். பிளேயரில் டிஸ்க்கைப் போடுவார், டிவி சத்தத்தைச் சுத்தமாக நிறுத்துவார், தொண்டையைச் செருமிக்கொள்வார். அதற்குள் ராயபுரத்தில் அந்தத் தெருவே அவர் வீட்டுக் கூடத்தில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கும்.

படம் ஜப்பான்காரர்களுடையது. முனைக்கடையில் பிள்ளைகள் அடித்துப் புரளும் வாள்சண்டை வீடியோ கேமை வைத்து, வீட்டில் போட்டுப் பார்ப்பதற்கென்றே நாலு பாகமாக எடுத்த கார்ட்டூன். யேசுதாசுக்கு வேலை, துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்கு வேனில் காய்கறி கொண்டுபோய்க் கொடுப்பது. வெங்காயத்தை நல்லதாகப் பார்த்துப் போட்டதற்காக ஒரு கப்பல் சமையல்காரர் மூன்று பாகங்களை அவர் கையில் திணித்தார். நாலாவது அந்த ஆளிடமும் இல்லை.

ஜப்பான் மொழியில் யேசுதாசுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன குடி முழுகிப்போயிற்று? எல்லார் குரலையும் அவரே பேசினார். வாள் வைத்திருக்கிறவன் என்பதால் நாயகனுக்கு, கோயில் படத்தில் வாளோடு நிற்கும் தேவதூதர் மைக்கேல் சம்மனசின் பெயரை வைத்தார். வெள்ளை முடிக்காரிக்கு ரோசாலி. இரண்டு பேருக்கும் காதல். மூன்றாம் பாகத்தில் மைக்கேல் அவள் மடியில் தலைவைத்து, "சண்ட முடிஞ்சதும் வந்துடு ரோசாலி, காசிமேட்டாண்ட வூடு பாத்துக்கீறேன்" என்று உருகுவான். மீன் விற்கும் பச்சையம்மா அந்த இடத்தில் மூக்கைச் சிந்தாத வாரமில்லை. நாலாம் பாகத்தை யேசுதாஸ் டிவியே இல்லாமல் வாயாலேயே முடித்துவைப்பார், கல்யாணச் சாப்பாட்டோடு.

பதினோரு வருஷமாக இந்தக் கூத்து. அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் மட்டும் ஒரு நாளும் வந்து உட்கார்ந்ததில்லை. கூப்பிட்டால் அடுப்படியிலிருந்தே, "உன் வாயத்தான் நாள் முச்சூடும் கேட்டுகினு கீறேனே" என்பாள். ஊரே வருகிறது, இவள் வரமாட்டாளாம். அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த லட்சணத்தில்தான் பின்தெரு ஃபர்ஹான் வந்து சேர்ந்தான். எண்ணூர்ப் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை, வகுப்புக்குப் போய் அந்த மொழியைப் படித்தவன். நாலு பாகத்தையும் வரவழைத்து, படத்தின் அடியில் தமிழில் எழுத்துப் போட்டு, வரும் ஞாயிறு தன் வீட்டில் காட்டப்போவதாக வீடு வீடாகப் போய்ச் சொன்னான். யேசுதாசிடமும் வந்து, "நீங்க இல்லாமயா அங்கிள்?" என்றான். அந்தப் பணிவுதான் அவருக்கு அதிகமாக எரிந்தது. திமிராகப் பேசியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

அந்த ஞாயிறு அவர் கூடத்துக்கு ஓர் ஈ காக்கைகூட வரவில்லை. அந்தப் பையன் பெரிய பருப்பு, எழுத்தைப் படித்துக்கொண்டே எவன் சண்டையைப் பார்ப்பான் என்று சுவரிடம் சொல்லிப் பார்த்தார். ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஃபர்ஹான் வீட்டில் மூச்சுவிட இடமில்லை. மூன்றாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. மைக்கேல் ரோசாலி மடியில் தலைவைத்தான். அடியில் எழுத்து வந்தது: "அம்மா, என்னை மன்னித்துவிடு."

அம்மாவா! அந்த ஊர்க் கார்ட்டூனில் ஆத்தாளையும் மகனையும் ஒரே வயதாக வரைவார்கள் என்று யேசுதாஸ் கண்டாரா? கூடமே திரும்பி அவரைப் பார்த்தது.

"இன்னா யேசு," என்றாள் பச்சையம்மா, "பெத்தவளையா இத்தினி வருசமா லவ்வு பண்ண வுட்டே?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. தெரியும், சஸ்பென்சுக்காக வைத்திருந்தேன் என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஃபர்ஹான் மட்டும் எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். அதுவும் அவருக்குப் பொறுக்கவில்லை.

நாலாம் பாகத்தில் வெள்ளை முடிக்காரி மகனுக்காகக் குறுக்கே பாய்ந்து வெட்டு வாங்கிச் செத்தாள். முன்வரிசையில் தரையில் இருந்த ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். யாரென்று எட்டிப் பார்த்தார். ஃப்ளோரன்ஸ். பூசை முடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள். காலிக் கூடை பக்கத்தில் கிடந்தது.

யேசுதாஸ் நாற்காலியைத் தூக்கினார். உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டிப் போய், அவளுக்கு நேர் முன்னால் போட்டு, டிவியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஃப்ளோரன்ஸ் கண்ணைக்கூடத் துடைக்காமல், அவர் விலாவில் கைவைத்து ஓரமாகத் தள்ளிவிட்டுப் படத்தைப் பார்த்தாள்.