மூன்று மணி நேரத்தில் முடிந்துபோகிற விளையாட்டு

ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டுக்கு ஏசி மாட்டப் போனபோது அந்த மெஷினை வாங்கினேன். டிவியில் இணைத்து வீடியோ கேம் விளையாடுகிற பழைய மெஷின்; அந்த வீட்டுக்காரர்தான் விற்றார். டிஸ்க் போடுகிற இடம் உடைந்திருந்தது, அதனால்தான் என் கைக்கு எட்டிய விலையில் கிடைத்தது. டிஸ்க் என்றால் ஆடி முடித்ததும் யாரிடமாவது பாதி விலைக்குத் தள்ளிவிடலாம். இதில் அந்த வழி இல்லை. நெட்டில் காசு கட்டி இறக்க வேண்டும். இறக்கியது குப்பை என்றால் குப்பையோடு குடும்பம் நடத்த வேண்டியதுதான்.

இரண்டு தடவை ஏமாந்த பிறகு விவரம் பழகிக்கொண்டேன். விளம்பர வீடியோவை நம்ப மாட்டேன். அது கல்யாண ஆல்பம் மாதிரி, எல்லோரும் அழகாகத்தான் இருப்பார்கள். யாராவது வாயைத் திறக்காமல் அரை மணி நேரம் ஆடிப் போட்டிருக்கும் வீடியோவைப் பார்ப்பேன். வாங்கியவர்கள் எழுதியதில் பாராட்டைத் தள்ளிவிட்டு, திட்டியவர்களை மட்டும் படிப்பேன். பணத்தைத் தொலைத்தவன் பொய் சொல்வதில்லை. கடைசியாக, எத்தனை மணி நேரம் ஓடும் என்று பார்ப்பேன். ஒரு கேஸ் சிலிண்டர் விலைக்கு எண்பது மணி நேரம் ஓடினால் வாங்கலாம். மூன்று மணி நேரத்தில் முடிந்தால் அது வழிப்பறி. இதுதான் என் சட்டம்.

என் மனைவி தி.நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தாள். ஆடித் தள்ளுபடி கூட்டத்தில், புடவைக் கட்டைத் தூக்கிக்கொண்டு கடையின் மாடிப்படியில் இறங்கும்போது வழுக்கி விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். மந்தைவெளியில் ஹவுசிங் போர்டு வீடு, இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. நாலு பேர் நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுவந்து விட்டோம். அதோடு அவள் கீழே இறங்கவில்லை.

மழைக்காலம் வந்தது. மழையில் எவன் ஏசி மாட்டுகிறான்? பாதி நாள் நான் வீட்டில்தான். முதலில் எனக்குப் பிடித்த சண்டை விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன்.

"இன்னாயா இது, ஒரே வெட்டுக்குத்தா கீது? சும்மா நடந்து போற மாதிரி ஒன்னு கெடையாதா?" என்றாள்.

தேடினேன். ஒரு தீவு விளையாட்டு அகப்பட்டது. சண்டை இல்லை, சாவு இல்லை. வயல், ஆறு, மீன் பிடிக்க ஒரு பாலம், ஒரு ஓட்டு வீடு. நடந்துகொண்டே இருக்கலாம். திட்டியவர்களில் ஒருத்தன், "இது முடியவே முடியாதா?" என்று எழுதியிருந்தான். எனக்கு அது போதும். முடியாத விளையாட்டின் விலையை மணிக்கணக்கால் வகுத்தால் கிட்டத்தட்ட இலவசம். வாங்கினேன். அப்படி ஒரு பெருமை எனக்கு.

அந்த மத்தியானங்கள் இன்னும் கண்ணுக்குள் இருக்கின்றன. வெளியே மழை, ஜன்னலை மூடியிருப்போம். டிவியில் ஆறு ஓடும். அந்த நீலம் சுவரில் ஏறி, மின்விசிறி இறக்கையைத் தொட்டு, அவள் முகத்தில் வந்து நிற்கும். தரையில் பாயைப் போட்டு நான் படுத்திருப்பேன். அவள் கை அசைய அங்கே ஒருத்தி புல்லை விலக்கி நடப்பாள். காலடிச் சத்தம் மெதுவாகக் கேட்கும். நான் தூங்குவேன், விழிப்பேன், அவள் இன்னும் நடந்துகொண்டிருப்பாள். எது எங்கள் மழை, எது அந்தத் தீவின் மழை என்று பிரித்துப் பார்க்கத் தோன்றாது. டீ வைக்கட்டுமா என்று கேட்டால், "இரு, அங்க இப்பதான் விடிஞ்சிகினு கீது" என்பாள். நானும் இருப்பேன்.

வாரம் இரண்டு நாள் காலுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். நல்ல பெண், சின்ன வயசு.

"அக்கா, இன்னிக்கு எவ்ளோ நடந்தீங்க?"

"காலைலேந்து நடந்துகினேதான் கீறேன். இப்பதான் மலை ஏறி எறங்குனேன்."

நான் சிரித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. போகும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"சார், எலும்பு கூடிடுச்சு. ஆனா முட்டி இறுகிக்கிட்டே வருது. நடக்கணும், படி ஏறி இறங்கணும். இன்னும் ஒரு மாசம் இப்படியே படுத்திருந்தாங்கன்னா கால் மடங்காது. அப்புறம் மயக்கம் குடுத்துதான் மடக்கணும்."

எனக்கு யார்மேல் கோபம் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. உள்ளே வந்து கத்தினேன். மெஷின் வயரைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். விளையாட்டு போனால் நடப்பாள் என்று நினைத்தது என் மடத்தனம். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"கண்ண மூடுனா அந்தப் படிதான்யா வருது. தீவுல படி கெடையாது."

வயரை எடுத்து மாட்டினேன். வேறென்ன செய்வது?

கூட வேலை செய்கிறவன் ஒருத்தன் இருக்கிறான், அவனும் விளையாட்டுப் பைத்தியம். நந்தனத்தில் ஒரு ஆபீஸ் மாடியில் உட்கார்ந்து ஏசி கழுவும்போது அவனிடம் சொன்னேன்.

"முடியாத கேம வாங்கிக் குட்த்துட்டு ஏன் எந்திரிக்கலன்னு கேக்குறியே மச்சி, நீ இன்னா லூசா?" என்றான்.

வாயில் நல்ல வார்த்தை வராது அவனுக்கு. ஆனால் சொன்னது சரி. அன்று சாயங்காலம் முதல் தடவையாக என் சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தேடினேன். "காசுக்குப் பிடித்த கேடு, உட்கார்ந்தேன், முடிந்துவிட்டது" என்று எவன் வயிறெரிந்து எழுதியிருக்கிறான் என்று பார்த்தேன். கிடைத்தது. வெள்ளத்தில் மூழ்கிய ஒரு ஊர். ஒரு பெண் படகில் போய், மொட்டைமாடிகளில் மாட்டிக்கொண்ட பூனைகளை ஏற்றிக் கரை சேர்க்கிறாள். மொத்தம் மூன்று மணி நேரம். விலை தீவைவிட அதிகம். வாங்கினேன்.

தீவை அழித்தால்தான் புதியதற்கு இடம் கிடைக்கும், மறுபடி இறக்கிக்கொள்ளலாம், விட்ட இடத்திலிருந்தே ஆடலாம் என்று அவளிடம் சொன்னேன். பொய். மெஷினில் இடம் தாராளமாக இருந்தது. எங்கள் நெட்டில் தீவு திரும்பி வர ஒரு பகல், ஒரு ராத்திரி ஆகும். அந்த இடைவெளிதான் எனக்கு வேண்டியிருந்தது. அதில் என்ன நடக்கும் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தாள். அந்தத் தண்ணீர் தீவின் தண்ணீரைப்போல இல்லை. கலங்கலாக, தெருவிளக்கின் கழுத்துவரை நின்றது. துடுப்பு போடும்போது வீடுகளின் நிழல் உடைந்து உடைந்து சேர்ந்தது. இந்த ஊரில் வெள்ளம் பார்த்தவர்கள் நாங்கள். ஒவ்வொரு பூனையும் படகில் குதிக்கும்போது அவள் மூச்சை விடுவது கேட்டது. கடைசிப் பூனை ஏறியதும் படகு தானாகவே கரைக்குப் போனது. விடிந்தது. பாட்டு வந்தது. பெயர்கள் மேலே ஓடின.

அவள் பட்டனை அழுத்திப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள்.

"இன்னாயா, நின்னு போச்சு?"

"முடிஞ்சிடுச்சு."

"அவ்ளோதானா? எவ்ளோ குட்த்த இதுக்கு?"

சொன்னேன்.

"அட விவரங்கெட்ட மனுசா! சோறாக்குற நேரத்துல முடியுது, இதுக்கா அவ்ளோ அழுத? தீவு எப்ப வரும்?"

"நாளைக்கு."

ஒரு நிமிஷம் என்னை முறைத்தாள். தலைமாட்டில் சாய்த்திருந்த ஊன்றுதடியைத் தானே எடுத்தாள். கட்டிலை விட்டு எழுந்தாள். வாசலுக்குப் போனாள்.

"எங்க போற?"

"கீழ்வூட்டு அக்காகிட்ட சொல்லணும். நீ ஏமாந்த கதைய நான் யார்கிட்டனா சொல்லியே ஆவணும்."

கதவைத் திறந்தபின்தான் படிக்கட்டு இருக்கிற நினைவு வந்தது அவளுக்கு. நின்றாள். கைப்பிடியை அவள் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்தன. நான் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

"மூணு மணி நேரம்," என்றாள், யாரிடமோ. நல்ல காலை வைத்தாள். "பூனை ஏத்துறதுக்கு." அடிபட்ட காலை இறக்கினாள். முகம் கோணியது. "ஒரு சிலிண்டர் காசு." அடுத்த படி. பாதி வழியில், படி திரும்புகிற இடத்தில் நாற்காலியைப் போட்டேன், உட்கார்ந்தாள், வியர்த்திருந்தாள். வேண்டுமென்றே குறைவான மணி நேரத்தைத் தேடி வாங்கினேன் என்று அங்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் திரும்பி ஏறிவிடுவாளோ என்று பயம். ஏமாந்தவனாகவே நின்றேன்.

"இன்னா பாத்துகினு நிக்கிற? நாற்காலிய எடு," என்று எழுந்தாள்.

கீழ்ப்படிகளில் மழைச்சாரல் அடித்து ஈரமாக இருந்தது. அதை அவள் பார்த்தாள். தடியை ஈரத்தின்மேல் ஊன்றி அழுத்திப் பார்த்தாள். பிறகு கீழ் வீட்டைப் பார்த்து, அங்கிருந்தே குரல் கொடுக்க ஆரம்பித்தாள்:

"அக்கா! இந்தாளு இன்னா பண்ணிகீறாரு தெரியுமா?"