இடக்கை கீழே, வலக்கை மேலே

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தேன். கல்லூரியில் ஹாக்கி ஆடியவன் என்பதைத் தவிர எனக்குப் பெரிய தகுதி எதுவும் கிடையாது. அந்த ஒன்றே என்னைக் கோல்ஃப் பயிற்சியாளர் ஆக்கிவிட்டது.

எங்கள் பள்ளி நிர்வாகக் குழுவில், மலேயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய செட்டியார் ஒருவர் இருந்தார். வரும்போது ஒரு தோல்பை நிறைய கோல்ஃப் மட்டைகள் கொண்டுவந்திருந்தார். கோடை விடுமுறையில் மலைமேல் இளையோருக்கு மண்டலக் கோல்ஃப் பயிற்சி முகாம் நடக்கப்போவதாகப் பத்திரிகையில் படித்தவர், என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஹாக்கி ஆடியிருக்கீகள்ல? இதுவும் வளைஞ்ச கம்புதான். நீங்க பிள்ளைகளைத் தயார் பண்ணுங்க. நுணுக்கத்தை நான் சொல்லித் தாரேன்."

வற்றிக் கிடந்த கண்மாய்தான் மைதானம். குழிக்குப் பதில் பால் டின் ஒன்றைப் புதைத்தோம். அவர் மடக்கு நாற்காலியில் குடைபிடித்து உட்கார்ந்து, அடிக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் "தலையைத் தூக்காதே" என்பார். நுணுக்கம் அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து, நீங்களே ஒன்று அடித்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். துரைமார் ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி, துரை சீமைக்குப் போனபோது பையை ஏலத்தில் எடுத்தேன் என்றார். அதைச் சொல்ல அவர் கூச்சப்படவில்லை. எனக்கும் மனம் லேசாகிவிட்டது. தெரியாதவன் நான் ஒருவன் மட்டுமில்லையே.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். கண்டரமாணிக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். இடக்கைக்காரி. இருந்த மட்டைகளோ வலக்கைக்காரர்களுக்கானவை. அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். எல்லோரும் வலக்கையைக் கீழே வைத்துப் பிடிக்க, இவள் இடக்கையைக் கீழே வைத்தாள். பந்து மடையைத் தாண்டிப் போய் டின்னுக்குப் பக்கத்தில் விழும். ஒவ்வொரு முறையும் எப்படி அங்கேயே விழுகிறது என்று எனக்குப் புரியவில்லை. வாத்தியார் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, தலையைத் தூக்காதே என்றேன்.

"தூக்கலயே சார்," என்றாள்.

அவளை முகாமுக்குத் தேர்ந்தெடுத்து, அவள் அப்பாவிடம் கேட்கப் போனேன். விவசாயி. வெகுநேரம் யோசித்துவிட்டு, அடிக்கிற பந்தை எதிரே நின்று யார் பிடிப்பார்கள் என்று கேட்டார். யாரும் பிடிக்க மாட்டார்கள் என்றதும் சம்மதித்தார். கூடவே தானும் புளிச்சோற்று மூட்டையோடு கிளம்பினார்.

முகாமின் முதல் நாள் அவள் அடித்த பந்து பையன்கள் எல்லோருடையதையும் தாண்டிப் போனது. தலைமைப் பயிற்சியாளர் ஓடிவந்து, இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டார். பாராட்டப் போகிறார் என்று நினைத்து, "நான்தான்" என்று முன்னால் வந்தேன்.

"மட்டை பிடிக்கிற முறையே தப்பு," என்றார். "ரெண்டு வாரத்துல சரி பண்ணிடலாம்."

சரி பண்ணினார்கள். காலையும் மாலையும் அவள் கைகளைப் பிரித்து மாற்றி வைத்தார்கள். தைல மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, மூன்றாம் நாள் என்னிடம் கேட்டார்.

"நல்லா அடிச்சுக்கிட்டு இருந்த பிள்ளையை எதுக்கு மாத்துறாக?"

அதுதான் விஞ்ஞான முறை என்றேன். நான் அந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டு அப்போது இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

கடைசி நாள் போட்டியில் அவளுக்குக் கடைசி இடம். கலந்துகொண்டதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். ஊர் திரும்பியதும் கண்மாயில் பழையபடி பிடித்து அடித்துப் பார்த்தாள். பந்து கருவேலங்காட்டுக்குள் போனது. இன்னும் நாலைந்து முறை அடித்தாள்.

"பழசு கையை விட்டுப் போயிருச்சு சார். புதுசும் வந்து சேரல."

வருத்தம் காட்டாமல்தான் சொன்னாள். மட்டையைப் பையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள். அடுத்த மாதம் கைப்பந்து அணியில் சேர்ந்தாள். அங்கே எந்தக் கை என்று யாரும் கேட்கவில்லை. படிப்பு முடியும்வரை நன்றாகவே ஆடினாள்.

மறுவருடம் முகாமிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. கிராமத்துத் திறமையைக் கண்டெடுத்தவன் என்று பாராட்டி, மற்ற ஆசிரியர்களிடம் அதைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். போனேன். முக்கால் மணி நேரம் பேசினேன். முன்வரிசையில் மூன்று பேர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.